கானகம் காத்த லியோபோல்டு

தம்மைப் பாராட்டுவோர் நடுவே உண்மையை உரைத்தல் எளிது. தம்மை அறியாதார் நடுவே உரைத்தல் சற்று அரிது. தம் உற்ற தோழர்களே சினந்து எழும்போது, அவர்களைப் பகையாமலும், தாம் கண்ட உண்மையைக் கைவிடாமலும் உரைத்தல் எல்லாவற்றினும் அரிது. அவ்வரிய செயலைச் செய்தவர் அமெரிக்க நாட்டு அறிஞர் ஆல்டோ லியோபோல்டு. அவர் வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். வேட்டைக்காரர்களை ஒன்று திரட்டிச் சங்கங்கள் கண்டவர். பின்னர்க் காட்டின் நலம் கருதி, அவ்வேட்டைக்காரர்களிடமே வசைமொழி கேட்டவர். அவர்தம் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

வட அமெரிக்காவின் நடுவே மிசிசிப்பி என்னும் பேராறு ஓடுகிறது. அதன் கரையில், அயோவா மாநிலத்தைச் சேர்ந்த பர்லிங்டன் என்னும் ஊரில், 1887ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11ஆம் நாள் லியோபோல்டு பிறந்தார். தந்தையார் கார்ல் லியோபோல்டு எழுதுமேசைகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். அவர் விடுமுறை நாள்களில் மைந்தரை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைச் சதுப்புநிலங்களுக்கு வேட்டையாடச் செல்வார். அக்காலத்தில் பறவைகளைச் சுடுவதற்குக் கட்டுப்பாடு மிகுதியாக இல்லை. எனினும் கார்ல் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார். பறவைகள் கூடு கட்டும் இளவேனிற் பருவத்தில் அவர் துப்பாக்கியைத் தொடுவதில்லை. சட்டம் தடுக்காத இடத்திலும் மனச்சான்று தடுக்க வேண்டும் என்னும் பாடத்தைச் சிறுவர் லியோபோல்டு இவ்வாறு தந்தையிடமே கற்றார்.

பள்ளிக் கல்வி முடிந்தபின், ஏல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வனவியல் பயின்று, 1909ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அமெரிக்க வனத்துறையில் அலுவல் ஏற்று, அரிசோனாவில் உள்ள அப்பாச்சிக் காட்டிற்குச் சென்றார். அப்போது அவருக்கு அகவை இருபத்திரண்டு.

ஓநாயும் இளைஞரும்

அக்காலத்தில் ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் கண்டவுடன் சுட்டுக் கொல்வது கடமை என்றே அனைவரும் கருதினர். இவ்விலங்குகள் மான்களைத் தின்பன; ஆகவே இவை குறைந்தால் மான்கள் பெருகும்; மான்கள் பெருகினால் வேட்டையும் சிறக்கும். இதுவே மக்களின் கணக்கு. இளைஞர் லியோபோல்டும் அவ்வாறே எண்ணினார். ஒருநாள் அவரும் அவர் தோழர்களும் ஆற்றோரத்தில் ஓநாய்க் கூட்டம் ஒன்றைக் கண்டு சுட்டனர். வீழ்ந்து கிடந்த தாய் ஓநாயின் அருகே அவர் சென்றபோது, அதன் கண்களில் இருந்த ஒளி மெல்ல அவிவதைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தில் பதிந்தது. ஆயினும் அதன் பொருளை அவர் உணர்வதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின.

1912ஆம் ஆண்டில் எஸ்டெல்லா என்னும் நங்கையை மணந்தார். நியூ மெக்சிகோவில் கார்சன் காட்டின் தலைமை அலுவலராகப் பணி புரிந்துவந்தபோது, 1913ஆம் ஆண்டில் மழையிலும் குளிரிலும் அகப்பட்டுக் கடுஞ் சிறுநீரக நோய்க்கு ஆளானார். சாவின் வாயில்வரை சென்று மீண்டார். பணிக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. படுக்கையில் கிடந்த அந்நெடுங்காலத்தில், எஞ்சிய வாழ்நாளைக் காட்டுயிர்களின் பாதுகாப்பிற்கே செலவிட வேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் வளர்ந்தது.

வேட்டைக்காரர் சங்கம்

1915ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்னடே என்னும் காட்டுயிர்க் காவலர் அல்புகர்க்கி நகருக்கு வந்து சொற்பொழிவு ஆற்றினார். அவர் உரை லியோபோல்டின் உள்ளத்தைத் தூண்டியது. அவர் நியூ மெக்சிகோவின் ஊர்தோறும் சென்று, வேட்டைக்காரர்களையும் கால்நடை வளர்ப்போரையும் ஒன்று கூட்டி, வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கங்களை அமைத்தார். 'பைன் கோன்' என்னும் சிறு செய்தித்தாளையும் அவரே ஆசிரியராக இருந்து நடத்தினார்.

அச்சங்கங்கள் கேட்டவை யாவை? வேட்டைச் சட்டங்கள் ஏட்டளவில் நில்லாமல் நடைமுறைக்கு வரவேண்டும். வேட்டைக் காவல் தலைவர் பதவி கட்சிக்காரருக்குக் கொடுக்கும் பரிசாக அமைதல் கூடாது. தகுதி உடையவருக்கே அது உரியது. இக்கோரிக்கைகளுக்காக அரசியல்வாதிகளோடு லியோபோல்டு வாதாடினார். முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1917ஆம் ஆண்டில் அவருக்குக் கடிதம் எழுதி அச்சங்கத்தின் பணியைப் பாராட்டினார்.

ஆனால் அச்சங்கங்களின் கோரிக்கைகளுள் மற்றொன்றும் இருந்தது. ஓநாய், மலைச்சிங்கம் முதலிய ஊனுண்ணிகளை அறவே ஒழிக்க வேண்டும் என்பதே அது. அதனை முன்னின்று முழங்கியவருள் லியோபோல்டும் ஒருவர். பிற்காலத்தில் அவர் எதனை மாற்ற முயன்றாரோ, அதனை முற்காலத்தில் வளர்த்தவரும் அவரே என்பதனை நாம் மறத்தல் ஆகாது.

கைபாபு மேட்டுநிலம்

அரிசோனாவின் வடபகுதியில், கொலராடோ ஆறு அறுத்த மாபெரும் பள்ளத்தாக்கின் வடகரையில், கைபாபு என்னும் மேட்டுநிலம் உள்ளது. 1906ஆம் ஆண்டில் அது காட்டுயிர்க் காப்பிடம் ஆக்கப்பட்டது. அங்கு மான் வேட்டை தடுக்கப்பட்டது. அரசு அமர்த்திய வேட்டைக்காரர்கள் நூற்றுக்கணக்கான மலைச்சிங்கங்களையும், ஆயிரக்கணக்கான கயோட்டி என்னும் குள்ள ஓநாய்களையும் கொன்றனர். ஆடுமாடுகளின் மேய்ச்சலும் குறைந்தது. மான்கள் பெருகின. 1924ஆம் ஆண்டளவில் அவற்றின் தொகை 30,000 என்றனர் சிலர். 1,00,000 என்றனர் வேறு சிலர். அக்கணக்குகள் எவ்வளவு சரியானவை, பெருக்கத்திற்குக் காரணங்கள் எவை என்பன பற்றிப் பிற்கால அறிஞர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். ஆயினும் மான்கள் தம் எட்டுமட்டும் உள்ள தழைகளை எல்லாம் தின்று தீர்த்தன என்பதும், பனிக்காலத்தில் உணவின்றி மிகப் பலவாக மாண்டன என்பதும் உறுதியான செய்திகள்.

மான்களின் தொகையைக் குறைக்க வேண்டும் என நடுவண் அரசின் வனத்துறை கருதியது. மான்கள் தனக்கே உரியவை, அவற்றைச் சுடும் உரிமையைத் தானே வழங்கும் என அரிசோனா மாநில அரசு மறுத்தது. 1924ஆம் ஆண்டு இறுதியில், மான்களைப் பள்ளத்தாக்கின் வழியே மறுகரைக்கு ஓட்டிச் செல்லவும் ஆட்கள் திரண்டனர். மான்கள் ஓட்டியவர்களின் இடையே புகுந்து சிதறின, அம்முயற்சி வீணாயிற்று. அரசு அனுமதி பெற்று மானைச் சுட்டவர்களை மாநிலக் காவலர் சிறைபிடித்தனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. தன் நிலத்திற்குக் கேடு நேராதபடி மான்களைக் குறைக்க நடுவண் அரசுக்கு உரிமை உண்டு என்று 1928ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. மான் பெருக்கம் காட்டின் சிக்கல் மட்டும் அன்று, ஆட்சியின் சிக்கலும் ஆகும் என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

லியோபோல்டு நன்கு அறிந்த கிலாக் காட்டிலும் இதுவே நிகழ்ந்தது. சாலைகள் புகாத வனப்பகுதியாக அக்காட்டை 1924ஆம் ஆண்டில் ஒதுக்கச் செய்தவர் அவரே. ஆனால் ஓநாய்கள் ஒழிந்தபின் அங்கு மான்கள் அளவின்றிப் பெருகின. அவற்றைக் குறைக்க வேட்டைக்காரர்கள் உள்ளே செல்லும் பொருட்டு, அவ்வனத்தின் ஊடே சாலை திறக்க வேண்டிய நிலை வந்தது. ஓநாயை ஒழித்ததனால், சாலையற்ற வனத்தையும் ஒரு பகுதி இழக்க நேர்ந்தது.

பேராசிரியர்

1924ஆம் ஆண்டில் லியோபோல்டு விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரான மாடிசனுக்குக் குடிபெயர்ந்தார். 1933ஆம் ஆண்டில் 'வேட்டை விலங்கு மேலாண்மை' என்னும் பொருள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அத்துறைக்கென ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தி, அதனை அவருக்கு அளித்தது.

1935ஆம் ஆண்டில் அவர் செர்மனி நாட்டிற்குச் சென்று, அங்குள்ள காடுகளைச் சில திங்கள் ஆராய்ந்தார். அங்கு மரங்கள் வரிசை வரிசையாக நின்றன, மான்களும் மிகுந்திருந்தன. ஆனால் மரத்தடியில் செடியில்லை, கொடியில்லை, பூவில்லை. காட்டில் உணவற்ற மான்களுக்கு மனிதர் தீனி வைத்து வளர்த்தனர். அடுத்த ஆண்டில் அவர் மெக்சிகோ நாட்டின் சிவாவா மலைப்பகுதிக்குச் சென்றார். அங்கு ஓநாய்களும் இருந்தன, மான்களும் இருந்தன, காடும் செழித்திருந்தது. இவ்விரு காட்சிகளையும் ஒப்பிட்டு நோக்கிய லியோபோல்டு, தம் இளமைக்காலக் கணக்குத் தவறு என்பதைத் தெளிந்தார். அஞ்சத்தக்கது எனத் தாம் கருதிய ஓநாய், மலைக்கு ஒரு காவலாக இருந்ததை உணர்ந்தார். மான் ஓநாய்க்கு அஞ்சுவதுபோல், மலை மானுக்கு அஞ்சவேண்டிய காலமும் வரும் என்பது அவருக்குப் புலனாயிற்று.

விஸ்கான்சின் மான் பூசல்

விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு காலத்தில் பைன் மரக்காடுகள் அடர்ந்திருந்தன. 19ஆம் நூற்றாண்டில் அம்மரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சியவற்றைத் தீ உண்டது. மான்களும் கட்டுப்பாடற்ற வேட்டையால் அருகின. ஆகவே 1915ஆம் ஆண்டில், கொம்புடைய கலைமானை மட்டுமே சுடலாம், பிணைமானையும் கன்றையும் சுடலாகாது என்னும் சட்டம் இயற்றப்பட்டது. வெட்டிய காட்டில் இளந்தளிர்கள் முளைத்தன; மான்களுக்கு நல்லுணவு கிடைத்தது; பிணைகளும் காக்கப்பட்டன. மான்கள் மீண்டும் பெருகின. தம் சட்டம் பயன் தந்தது என வேட்டைக்காரர்கள் பெருமிதம் கொண்டனர். அப்பெருமிதத்திற்கு நியாயமும் உண்டு.

ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு அன்றோ! காடு வளர்ந்து நிழல் படர்ந்தபோது தளிர் குறைந்தது. கடுங்குளிர் காலத்தில் மான்கள் சதுப்புநிலத்துச் சீடர் மரங்களிடையே கூட்டமாக ஒண்டும். அங்கே தாழ்ந்த கிளைகள் தீர்ந்தன. பெரிய மான்கள் பின்னங்கால்களில் நின்று எட்டிய கிளை, கன்றுகளுக்கு எட்டவில்லை. கன்றுகள் முதலில் மடிந்தன. காப்பதற்கென்றே இயற்றப்பட்ட சட்டத்தின் நிழலில் கன்றுகள் பசியால் இறந்தன.

இந்நிலையை ஆராய 1942ஆம் ஆண்டில் குடிமக்கள் குழு ஒன்று அமைந்தது. அதன் தலைவர் லியோபோல்டு. குழுவினர் பனியில் நடந்து, மான்கள் ஒண்டும் இடங்களை நேரிற் கண்டனர். பிணைகளையும் கன்றுகளையும் உட்படுத்தி மான்களின் தொகையைக் குறைப்பதே வழி என லியோபோல்டு துணிந்தார். தீனி வைப்பதனால் இவ்வாண்டுப் பசி தணியலாம். அடுத்த ஆண்டில் பசித்த வாய்கள் மிகும். காடு மேலும் அழியும் என்பது அவர் கருத்து.

1943ஆம் ஆண்டில் ஆளுநர் அவரை மாநில இயற்கைப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினராக அமர்த்தினார். அவ்வாண்டு நவம்பரில், முதல் நான்கு நாள்கள் கலைமான்களையும், சில நாள் இடைவெளிக்குப் பின் நான்கு நாள்கள் கொம்பில்லா மான்களையும் வேட்டையாட ஆணையம் இசைவு அளித்தது. அவ்விரு பருவங்களிலும் ஏறத்தாழ 1,28,000 மான்கள் வேட்டையாடப்பட்டன. அதற்குமுன் அம்மாநிலம் அத்தகைய தொகையைக் கண்டதில்லை.

மக்கள் திகைத்தனர், பின்னர்ச் சினந்தனர். வேட்டைக்காரர்கள் கூட்டங்கள் கூட்டினர். 'விஸ்கான்சின் மான்களைக் காப்போம்' என்னும் பெயரால் ஒரு செய்தித்தாளே தோன்றியது. 1943ஆம் ஆண்டு வேட்டையை ஒரு குற்றம் எனவே அதன் அன்பர்கள் அழைத்தனர். மான்களைக் காண வரும் விருந்தினரை நம்பி வாழ்ந்த விடுதிக்காரர்களும் அவர்களோடு சேர்ந்தனர். ஏட்டுக் கல்வி பெற்ற பேராசிரியருக்குக் காட்டைப்பற்றி என்ன தெரியும் என்று ஏளனம் செய்தனர்.

அவர்களைத் தீயவர் எனக் கருதலாகாது. மான் அருகிப் போன காலத்தை அவர்களுள் முதியோர் கண்டிருந்தனர். பிணையைக் காத்ததனால் மான் இனம் பிழைத்தது என்பது அவர்கள் பட்டறிவு. தம் கண்முன்னே மான்கள் குவியல் குவியலாக வீழ்ந்தபோது, பழைய துன்பம் திரும்பியது என அஞ்சினர். அவர்களும் மானிடம் அன்பு கொண்டவர்களே. ஆனால் அவர்கள் கண்டது மானை; லியோபோல்டு கண்டது மானையும், மான் நின்ற காட்டையும், அக்காட்டின் வருங்காலத்தையும்.

வசைமொழிகளைக் கேட்டு லியோபோல்டு பதவியைத் துறக்கவில்லை; எதிர்த்தவரை இகழவும் இல்லை. கூட்டங்களுக்குச் சென்றார், கட்டுரைகள் எழுதினார், காட்டின் நிலையைப் பொறுமையோடு விளக்கினார். ஆயினும் மக்கள் எதிர்ப்புக்கு ஆணையம் பணிந்தது. மறு ஆண்டு முதல் கலைமான் வேட்டை மட்டுமே நடைபெற்றது. பனிக்காலப் பட்டினிச் சாவும் தொடர்ந்தது. தம் சொல் தோற்றதைத் தம் கண்ணாலேயே கண்டு, ஆணையத்தில் அமர்ந்தபடியே அவர் உழைத்தார். அவ்வாண்டுகளில்தான், 1944ஆம் ஆண்டில், தம் இளமையில் வீழ்ந்த ஓநாயைப் பற்றிய கட்டுரையை எழுதினார். பிறர் தவற்றைச் சுட்டுமுன், தம் தவற்றை உலகறிய ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அதில் விளங்குகிறது.

பண்ணையும் இறுதியும்

லியோபோல்டு சொல்லோடு நின்றவர் அல்லர். 1935ஆம் ஆண்டில், விஸ்கான்சின் ஆற்றங்கரையில் வளமிழந்து கைவிடப்பட்ட பண்ணை ஒன்றை வாங்கினார். அங்கு எஞ்சியிருந்தது ஒரு கோழிக்கொட்டில். அதனையே செப்பனிட்டு விடுமுறை இல்லமாக்கினார். மனைவியும் மக்கள் ஐவரும் அவரோடு சேர்ந்து, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மரக்கன்றுகளை நட்டனர். முதலில் நட்டவற்றுள் பெரும்பாலானவை வறட்சியால் பட்டுப்போயின. அவர்கள் சோர்வடையாமல் மீண்டும் நட்டனர். மணல்மேடு மெல்ல மெல்லச் சோலையாயிற்று.

அப்பண்ணையில் கண்டவற்றையும் தம் வாழ்நாள் எண்ணங்களையும் தொகுத்து ஒரு நூல் எழுதினார். அதனை வெளியிட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 1948ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் இசைந்தது. ஒரு வாரம் கழித்து, ஏப்பிரல் 21ஆம் நாள், பண்ணைக்கு அயலார் நிலத்தில் தீப்பற்றியது. அதனை அணைக்கச் சென்ற லியோபோல்டு, மாரடைப்பால் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை அறுபத்தொன்று.

மறைவுக்குப் பின்

1949ஆம் ஆண்டில் 'மணல்நாட்டுப் பஞ்சாங்கம்' எனப் பொருள்படும் பெயரோடு அந்நூல் வெளிவந்தது. மண், நீர், செடி, விலங்கு ஆகிய அனைத்தோடும் சேர்ந்ததே மனித சமுதாயம். மனிதர் அதன் தலைவர் அல்லர், உறுப்பினரே என்னும் நில அறத்தை அது எடுத்துரைத்தது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, உலகெங்கும் அது கற்கப்படுகிறது.

அதே 1949ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலம் கொம்பில்லா மான்களை வேட்டையாட மீண்டும் இசைவு அளித்தது. பிற்காலத்தில், வட்டாரந்தோறும் மான்களின் தொகைக்கு ஏற்ப அளவு வகுக்கும் முறையும் ஏற்பட்டது. அம்மாநிலத்தில் அற்றுப்போன ஓநாய்கள், 1970களில் அண்டை மாநிலமான மின்னசோட்டாவிலிருந்து தாமாகவே திரும்பி வந்தன. எனினும் மான் எத்தனை இருத்தல் வேண்டும், ஓநாய் எத்தனை இருத்தல் வேண்டும் என்னும் பூசல் அங்கு இன்றும் ஓயவில்லை. வேட்டைக்காரரும் உழவரும் அறிவியலாரும் அரசினரும் இன்றும் வாதிடுகின்றனர். வாதம் நடப்பது தீதன்று. காட்டின் குரலும் அவ்வாதத்தில் கேட்கப்படுதல் வேண்டும் என்பதே லியோபோல்டின் விருப்பம்.

மாணவர்களே! ஓர் உயிரிடம் அன்பு செலுத்துதல் நன்று. அவ்வுயிர் வாழும் நிலத்தையும் எண்ணிப் பார்க்கும் அன்பே அதனை நெடுங்காலம் காக்கும். முன்பு கொண்ட கருத்துத் தவறு எனத் தெளிந்தபோது அதனை மாற்றிக்கொள்ள லியோபோல்டு நாணவில்லை. தெளிந்த உண்மையைத் தோழர் வெறுத்தபோது அதனைக் கைவிடவும் இல்லை. இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமைந்தமையால், வாழ்ந்த காலத்தில் தோற்ற அவர் சொல் மறைந்தபின் நிலைபெற்றது. அவர் நட்ட பைன் மரங்கள் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் இன்றும் ஓங்கி நிற்கின்றன.